ஐந்து தனிமொழிகள், ஒரே மாலை: அவல நகைச்சுவையை மேடையில் நிறுத்துவது எப்படி?

திரைக்குப்பின் கேட்டது:

வணக்கம். சென்னையில் 80 இருக்கை உள்ள ஒரு பிளாக் பாக்ஸ் அரங்கில் (கறுப்புச் சுவர்கள் கொண்ட எளிய சின்ன அரங்கு) ஐந்து தனிமொழிகளை ஒரே மாலையில் போடுகிறோம். ஐந்துமே சாவைச் சுற்றி வரும் அவல நகைச்சுவை. பிரதிகள் எங்கள் குழு எழுதியவை.

ஃப்ரீஸர் பாக்ஸ் வாடகைக்கு விடும் அம்மா, தொழில் மந்தம் என்று புலம்புவது (14 நிமிடம்). கண்ணீர் அஞ்சலி போஸ்டரையும் காதுகுத்து பிளெக்ஸையும் ஒரே கணினியில் டிசைன் செய்யும் பையன் (11). பாலிசிதாரர் சாகும்முன் பிரீமியம் கட்டவைக்கத் துடிக்கும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் (16). மாமியாரின் பதினாறாம் நாளுக்குப் போனில் மெனு பேசும் மருமகள் (13). கடைசியாக, தான் எழுதிய தற்கொலைக் கடிதத்தில் 'யாரும் காரணம் அல்ல' என்பதில் 'அல்ல'வா, 'அன்று'வா, 'அல்லர்' வருமா என்று சிக்கிக்கொண்டு, நன்னூலைப் புரட்டிப் புரட்டிக் கடிதத்தை முடிக்கவே முடியாமல் போகும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (19).

நடிகர்கள் நான்கு பேர். ஃப்ரீஸர் அம்மாவையும் மருமகளையும் ஒரே நடிகை செய்கிறார்.

சிக்கல் இதுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்தால் சிரிப்பு வருகிறது. எழுந்து நடித்தால் பாதி காணாமல் போகிறது. மீதிப் பாதி தப்பான இடத்தில் வருகிறது. வரிசை, இடைவெளி, ஒளி, வசனம் மறந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றிலும் யோசனை தேவை. ஐந்து வாரம் இருக்கிறது.

---

மூன்றாம் மணி பதில்:

மேசையில் சிரிப்பு வந்ததற்கும் மேடையில் போனதற்கும் காரணம் ஒன்றே. மேசையில் நடிகர் தாளைப் பார்த்து வாசிக்கிறார், எதையும் விற்கவில்லை. எழுந்ததும் விற்க ஆரம்பித்துவிடுகிறார். புருவம் ஏறுகிறது, சிரிப்பு வரும் சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம், கண்ணில் 'எப்படி நம்ம சரக்கு' என்று ஒரு மினுக்கம். சபா நாடகத்தில் அந்த மினுக்கம் ஓடும், அங்கே ஜோக்கைச் சொல்பவரும் ரசிப்பவரும் கூட்டாளிகள். உங்கள் அம்மாவுக்குத் தான் சிரிப்பு மூட்டுவதே தெரியக் கூடாது. அவருக்கு அது வயிற்றுப்பாடு.

அதனால் முதல் வாரம் நடிப்பைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பாத்திரமும் யாரிடம் பேசுகிறது, அந்த ஆளிடமிருந்து என்ன வேண்டும் என்று ஒரு வரியில் எழுதி ஒட்டுங்கள். 'பார்வையாளரிடம்' என்று எழுதினால் செல்லாது. ஃப்ரீஸர் அம்மா பக்கத்துக் கடைக்காரரிடம் பேசினால் 'போன மாசம் ரெண்டே பாடிங்க' என்பது வெறும் வம்பு. அதையே கடன் தவணைக்கு அவகாசம் கேட்டு வங்கி அதிகாரியிடம் சொன்னால் அது வருமானக் கணக்கு. குரல் தாழும், கை கணக்கு நோட்டைத் தள்ளிக் காட்டும், கெஞ்சல் வரும். அவர் கெஞ்சக் கெஞ்சத்தான் எதிரில் இருப்பவருக்குச் சிரிப்பு வரும், சிரித்ததற்காகக் கொஞ்சம் கூசவும் கூசும். அந்தக் கூச்சத்துக்காகத்தானே இந்த வகையையே எடுத்தீர்கள்.

கேட்பவர் எங்கே இருக்கிறார் என்பதை அரங்கில் ஒரு புள்ளியில் நிறுத்துங்கள். 80 இருக்கை என்றால் மூன்றாம் வரிசைத் தலைகளுக்குச் சற்று மேலே, நடுவிலிருந்து கொஞ்சம் விலகி. நிஜப் பார்வையாளர் ஒருவரின் கண்ணைப் பிடித்துப் பேசினால் அந்த ஆள் நெளிவார், சிரிக்க மாட்டார், அவருக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நிறுத்திவிடுவார்கள். இதற்கு விலக்கு போஸ்டர் பையன் மட்டும். அவன் கூத்தில் கட்டியங்காரன் செய்வதுபோல நேராக ஜனங்களிடம் பேசட்டும். ஐந்தில் ஒருவருக்குத்தான் அந்தச் சலுகை. ஐந்து பேரும் எடுத்துக்கொண்டால் அது மேடைப் பேச்சு.

அடுத்து, கைக்கு வேலை கொடுங்கள். தனிநடிப்பில் சிரிப்பு எழும்போது எதிரே இன்னொரு நடிகர் இல்லை, அந்த ஆறேழு நொடியை எதை வைத்து நிரப்புவது? வேலையை வைத்துத்தான். மருமகள் அவரைக்காய் நார் உரிக்கட்டும். 13 நிமிடத்துக்கு 40 காய் எண்ணிப் போடுங்கள், காய்க்கு 20 நொடி. சிரிப்பு வந்தால் உரித்துக்கொண்டே இருப்பார், அடங்க ஆரம்பித்ததும் பேசுவார். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் குழி விழும், உச்சியிலேயே பேசினால் வரி கேட்காது. ஏறி, உச்சி தொட்டு, மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போது அடுத்த வரியைக் கொஞ்சம் உரக்க எடுக்க வேண்டும். சிரிப்பில் அமுங்கிய வரியைத் திரும்பச் சொல்லவே கூடாது. சிரிப்புச் சொல்லைச் சொல்லும் கணத்தில் உடம்பு அசையக் கூடாது, காய் உட்பட. அசைவு கண்ணை இழுத்துக்கொண்டால் காது பின்தங்கும்.

எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பு வராவிட்டால் என்ன? அதற்கும் ஒத்திகை உண்டு. வாரம் ஒரு முறை, யாரும் சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு முழுதாக ஓட்டுங்கள். அந்த மௌனத்தில் நடிகர் அவசரப்பட்டால் நாடகத்தன்றும் அவசரப்படுவார். மூன்றாம் வாரக் கடைசியில் பிரதியே தெரியாத ஐந்தாறு பேரைக் கூப்பிடுங்கள், நண்பர்கள் வேண்டாம். இயக்குநரின் சிரிப்பு நான்காம் நாளே செத்துவிடும், அதை நம்பி எதையும் வெட்டாதீர்கள். 15 நிமிடத் தனிமொழிக்குக் குறைந்தது 25 மணி நேரம் எழுந்து நின்ற ஒத்திகை தேவை. இரண்டு பாத்திரம் செய்பவருக்கு 50. உங்கள் அட்டவணையில் அது இருக்கிறதா என்று இன்றே கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவதுக்குப் பிறகு பத்து நிமிடம் இடைவேளை விடுவது என் கட்சி.

---

ஒளித்தட்டு பதில்:

ஒளி பற்றி மட்டும்.

சாவு என்றதும் நீலம் போடத் தோணும். போடாதீங்க. காமெடிக்குக் கண்ணு தெரியணும். கண்ணு குழியில நிழல் விழுந்துட்டா பாதி சிரிப்பு போச்சு.

சின்ன ஹாலில் விளக்கு தொங்கற கம்பியோட (பார்) உயரம் எவ்வளவுன்னு முதல்ல அளங்க. 11 அடின்னு வைங்க. நிக்கிற நடிகரோட கண் உயரம் ஐந்தரை அடி. முன்னாலிருந்து 45 டிகிரி வேணும்னா விளக்கு அவருக்கு ஐந்தரை அடி முன்னால தொங்கணும். அதே விளக்கு, அதே இடம், ஆள் நாற்காலியில உக்காந்தா கண் 4 அடிக்கு இறங்கிடும். கோணம் 50ஐத் தாண்டிடும், கண்ணு குழி கறுத்திடும். உக்கார்ந்து பேசுற பாத்திரத்துக்கு நாற்காலிய ஒன்றரை அடி பின்னால தள்ளுங்க, சரியாகிடும். விளக்க மாத்தறதைவிட நாற்காலிய மாத்தறது சுலபம். தரையில டேப் ஒட்டிடுங்க. நாற்காலி கால் ஒவ்வொரு ஷோவிலயும் அதே குறியில நிக்கணும்.

ஐந்து இடம், இடத்துக்கு ரெண்டு 650 வாட் ஃப்ரெனல் (ஓரம் மென்மையா விழற மேடை விளக்கு), மொத்தம் 6,500 வாட். 230 வோல்ட்டில் 28 ஆம்பியர் சொச்சம். ஒரு 16 ஆம்பியர் பிளக் 3,680 வாட்டுக்கு மேல தாங்காது, அதுலயும் முழுசா ஏத்தக் கூடாது. மூணு தனித்தனி லைனா பிரிங்க. ஏசி எந்த லைன்ல ஓடுதுன்னு ஹால் எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டுட்டுப் பிரிங்க. ஏசி, டிம்மர் (வெளிச்சத்தக் கூட்டிக் குறைக்கற கருவி) எல்லாம் ஒரே லைன்ல இருந்தா ட்ரிப் ஆகும், அதுவும் தமிழாசிரியர் முறையிலதான் ஆகும்.

ஜெல் (விளக்கு முன்னால போடற வண்ணத் தாள்) ரொம்ப வேண்டாம். ஒரு பக்க விளக்குக்கு லேசா ஆரஞ்சு சாயல் தர்ற லீ 206, மறுபக்கம் ஒண்ணுமில்லாம. முகத்துக்கு வடிவம் கிடைக்கும். போஸ்டர் கடைக்கு ட்யூப்லைட் வெளிச்சம் வேணும்னா நீலச் சாயல் தர்ற லீ 202. ஆனா அது கிட்டத்தட்ட பாதி வெளிச்சத்தத் தின்னுடும், அந்த விளக்க அதுக்கேத்த மாதிரி ஏத்தி வைங்க. கணினித் திரையோட வெளிச்சம் முகத்துல விழணும்னா திரையில வெள்ளைப் பக்கத்த முழு பிரைட்னஸ்ல திறந்து வைங்க, போதலன்னா திரைக்குக் கீழே சின்ன எல்இடி பட்டை ஒண்ணு ஒட்டுங்க.

ஆசிரியர் மேசையில டேபிள் லாம்ப் இருக்கும்னு நெனைக்கிறேன். அதுக்கு எல்இடி பல்பு போட்டு டிம்மர்ல கொடுத்தா அடியில வரும்போது மினுமினுக்கும், இல்ல பட்டுன்னு அணையும். 40 வாட் குண்டு பல்பு தேடிப் போடுங்க. அதுவும் தனியா ஒரு டிம்மர் சானலுக்கு ரொம்பச் சின்ன லோடு, சில பழைய டிம்மர் நடுங்கும். அதே சானல்ல மேடைக்கு வெளியே, யார் கண்ணுக்கும் படாத இடத்துல, ஒரு 500 வாட் விளக்க சுவரப் பார்த்துத் திருப்பி இணைச்சிடுங்க. நடுக்கம் நின்னுடும். சூடு ஆகும், திரைத் துணி பக்கத்துல வைக்காதீங்க.

மலிவான எல்இடி மேடை விளக்குல ரெண்டு குறை. உள்ள இருக்கற ஃபேன் சத்தம் 80 சீட் ஹால்ல நல்லாக் கேக்கும். கடைசி பத்து சதவீதம் வழுக்கி இறங்காம படிப்படியா விழும். மெதுவா அணையற முடிவு எல்லாத்துக்கும் ஃப்ரெனலையே வைங்க.

முடிவுன்னதும் ஒண்ணு. மெதுவா அணைச்சா 'இப்ப எல்லாரும் சோகப்படுங்க'ன்னு சொல்ற மாதிரி. பட்டுன்னு வெட்டினா சிரிப்பு அந்தரத்துல நிக்கும். ஐந்துல நாலு வெட்டு, ஒண்ணு மட்டும் மெதுவா. எது அந்த ஒண்ணுன்னு நீங்க முடிவு பண்ணுங்க.

---

அச்சுப்பிழை பதில்:

மேலே இருவரும் நடிப்பையும் ஒளியையும் சொல்லிவிட்டார்கள். தப்பான இடத்தில் சிரிப்பு வருவதற்குப் பிரதியிலேயே ஒரு காரணம் இருக்கலாம். தமிழ் வாக்கியம் வினைமுற்றில் முடியும். குத்தும் சொல், அதாவது சிரிப்பைக் கிளப்பும் சொல், பெரும்பாலும் பெயர்ச்சொல், அது நடுவில் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பின்னால் வரும் வால் சிரிப்பை மிதிக்கும். பார்வையாளர் சிரிக்க வாயெடுப்பார், நடிகர் இன்னும் பேசிக்கொண்டிருப்பார், அடுத்தவர் 'என்ன சொன்னாங்க' என்று கேட்பார். தாமதமாக எழும் அந்தச் சிரிப்பு அடுத்த வரியின்மேல் போய் விழும், 'தப்பான இடம்' என்று உங்களுக்குத் தோன்றும்.

ஃப்ரீஸர் அம்மா இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்: 'அழுதுட்டிருக்கற பிள்ளைகிட்ட ரெண்டு நாள் வாடகை பாக்கி இருக்குன்னு சொல்றதுக்கு எனக்கு வாயே வரலைங்க.' குத்து 'வாடகை பாக்கி'யில் இருக்கிறது. அதன் பிறகு ஐந்து சொல். உடைத்து எழுதுங்கள்: 'அழுதுட்டிருக்கற பிள்ளைங்க. எப்படிக் கேக்குறது? கேக்கலை.' நோட்டில் ஒரு தாளைக் கிழிக்கிறார். 'பில்லு.' அவ்வளவுதான். கடைசிச் சொல் பெயர், அதன்பின் ஒன்றுமில்லை, சிரிப்புக்கு வாசல் திறந்தாயிற்று.

வினை தவிர்க்க முடியாத இடத்தில் ஒரே ஒரு குட்டி வினை இருக்கலாம், 'குடுத்துட்டேன்' மாதிரி. 'தானே', 'இல்லையா', 'பாத்துக்கங்களேன்' போன்ற ஒட்டுகளைக் குத்துக்குப் பின்னால் எங்கே கண்டாலும் சிவப்பு மையால் அடியுங்கள். நடிகர்கள் எழுந்ததும் இவற்றைத் தாமாகவே சேர்ப்பார்கள், இயல்பாக இருக்கிறது என்று நினைத்து. ஒத்திகையில் ஒருவர் பிரதியோடு உட்கார்ந்து சேர்ந்த ஒட்டுகளை எண்ணிச் சொல்ல வேண்டும். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

எண்களைத் துல்லியமாக வையுங்கள். 'நாலாயிரம் அஞ்சாயிரம் ஆகும்' என்பதில் ஒன்றுமில்லை. 'நாலாயிரத்து ஐந்நூறு, வண்டி தனி' என்பதில் ஒரு ஆள் இருக்கிறார்.

ஆசிரியரின் கடைசி வரி என்ன? அதைப் போடுங்கள் பார்ப்போம். அல்ல, அன்று, அல்லர் விவகாரம் அருமை. ஆனால் மூன்றுக்கும் இலக்கணம் தெரியாத பார்வையாளர் பாதி பேர் இருப்பார்கள். அவர் கரும்பலகைப் பழக்கத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடட்டும்: ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல, மனுஷங்களுக்கு அல்லர். 'யாரும் காரணம்' என்பதில் எது எழுவாய் என்ற இடத்தில் அவர் மாட்டிக்கொள்வது அப்போதுதான் எல்லாருக்கும் புரியும்.

---

திரைக்குப்பின்:

மிக்க நன்றி. வால் விஷயம் பொட்டில் அறைந்த மாதிரி இருக்கிறது, மருமகள் பிரதியில் மட்டும் ஒன்பது இடம் சிக்கியது.

ஆசிரியரின் கடைசி வரி: "'இப்படிக்கு' என்பதற்குப் பிறகு காற்புள்ளி வருமா வராதா என்ற சந்தேகம் எனக்கு நாற்பது வருடமாக இருந்துகொண்டே இருக்கிறது." இதன்பின் விளக்கு அணைகிறது.

---

அச்சுப்பிழை:

'இருந்துகொண்டே இருக்கிறது' என்று முடிந்தால் நாடகம் முடியவில்லை என்று நினைத்து உட்கார்ந்திருப்பார்கள். திருப்பிப் போடுங்கள்.

'நாப்பது வருஷமா ஒரு சந்தேகம்.' எழுதுகிறார். பேனா நிற்கிறது. 'இப்படிக்கு... காற்புள்ளி உண்டா?'

வெட்டு. மேலே ஒளித்தட்டு சொன்ன அந்த ஒரே மெதுவான அணைப்பை இங்கே வைக்கத் தோன்றும். வேண்டாம். கேள்வி அந்தரத்தில் நிற்கட்டும், அவர் கையெழுத்துப் போடவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

---

பிரதியும் பென்சிலும் பதில்:

மேடை நிர்வாகத்தின் பக்கம் கொஞ்சம்.

இடைமாற்றம்: முழு இருட்டில் மாற்றாதீர்கள். இருட்டு 15 நொடியைத் தாண்டினால் போன் வெளிச்சம் ஒவ்வொன்றாக எழும், பிறகு அடுத்த தனிமொழியின் முதல் ஒரு நிமிடம் அதை அணைக்கவே போய்விடும். 15 சதவீத வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க, மாற்றுங்கள். ஐந்துக்கும் ஒரே மேசை, இரண்டு நாற்காலி. வருகிற நடிகர் தன் பொருளைக் கொண்டுவந்து, போகிறவர் விட்ட பொருளை எடுத்து ஓரத்தில் வைக்கட்டும். அவரைக்காய்த் தட்டை ஏஜெண்ட் எடுத்து வைப்பதும், கணக்கு நோட்டை ஆசிரியர் ஒரு கணம் புரட்டிப் பார்ப்பதும் ஐந்தையும் செலவில்லாமல் கோத்துவிடும். இடைமாற்றத்துக்கும் ஒத்திகை உண்டு, ஸ்டாப்வாட்ச் வைத்து. இலக்கு 25 நொடி.

புடவை மாற்றம்: சாதாரணமாகக் கட்டினால் நான்கைந்து நிமிடம். மடிப்பைத் தைத்து இடுப்பில் கொக்கி வைத்த புடவை என்றால் உதவிக்கு ஒருவர் இருந்தால் ஒரு நிமிடம். கொக்கி இரண்டு வரிசை, அதற்கு மேல் ஒரு ஊக்கு. வெல்க்ரோ வேண்டாம், பிரிக்கும் சத்தம் பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து தெளிவாகக் கேட்கும்.

வசனம் மறப்பது: தனிமொழியில் கைகொடுக்க எதிராளி இல்லை. ஒவ்வொரு பிரதியையும் ஆறிலிருந்து எட்டுத் துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு பொருளைத் தொட்டுத் தொடங்கட்டும்: நோட்டு, பேனா, தண்ணீர் டம்ளர், சாவிக்கொத்து. மனம் வெறுமையானால் கை அடுத்த பொருளுக்குப் போகும், சொல் பின்னால் வரும். எடுத்துக்கொடுப்பவர் பக்கத்திரையில் இருந்து பயனில்லை, நடிகர் அந்தப் பக்கம் திரும்பினால் குட்டு உடையும். முதல் வரிசை ஓர இருக்கையில், மடியில் பிரதியோடு இருக்கட்டும். 'என்ன சொல்லிட்டிருந்தேன்' என்பது சைகை என்று பேசி வையுங்கள். அதைப் பாத்திரமே சொல்வதுபோல இருக்கும், எடுத்துக்கொடுப்பவர் அடுத்த துண்டின் முதல் சொல்லை மட்டும் தருவார். மெனு பேசும் மருமகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். பிரதியில் வேறெங்கும் அந்த வாக்கியம் வரக் கூடாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து சுழல். 'நல்ல மனுஷன்தான்' போன்ற பல்லவி வரி மூன்று இடத்தில் வந்தால், நடிகர் இரண்டாவதிலிருந்து நான்காம் துண்டுக்குத் தாவுவார், அல்லது முதலாவதுக்கே திரும்பிப்போய் ஐந்து நிமிடத்தை மறுபடி நடிப்பார். அவருக்கே தெரியாது. தடுப்பு: பல்லவி ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லாவது மாறட்டும், அல்லது உடம்பு வேறு நிலையில் இருக்கட்டும். முதல் முறை உட்கார்ந்து, அடுத்தது எழும்போது, மூன்றாவது முதுகைக் காட்டி.

ஒளி, ஒலி எப்போது மாற வேண்டும் என்ற குறிப்புகளை நிறுத்தத்தில் வைக்காதீர்கள், சிரிப்பைப் பொறுத்து நிறுத்தத்தின் நீளம் தினம் மாறும். சொல்லில் வையுங்கள். சிரிப்பில் சொல்லே அமுங்கும் இடம் என்றால் செய்கையில் வையுங்கள்: பேனா மூடியைப் போட்டதும், தட்டைத் தள்ளியதும். ஒளி, ஒலி இயக்குபவர்களுக்கு 'தயார்' என்று சொல்வது இரண்டு வரி முன்னால்.

மின்வெட்டு: ஜெனரேட்டர் எடுக்கும் சில நொடியில் விளக்குகளை இயக்கும் கன்சோல் அணைந்து, மீண்டும் உயிர்வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம். கன்சோலையும் ஒலி மடிக்கணினியையும் யூபிஎஸ்ஸில் கொடுங்கள், 600 விஏ போதும். ஓரத்தில் சார்ஜ் ஏற்றிய எமர்ஜென்சி விளக்கோடு ஒருவர். நடிகர் எழக் கூடாது, சிரிக்கக் கூடாது, கைவேலையைத் தொடர வேண்டும். ஃப்ரீஸர் அம்மாவின் நேரத்தில் கரண்ட் போனால் அவர் பதறலாம், அது பாத்திரத்துக்கே உரியது.

மைக் வேண்டாம். 80 இருக்கைக்குக் குரல் போதும்.

---

நாலாவது வரிசை பதில்:

வரிசை: ஃப்ரீஸரை முதலில் வைத்திருக்கிறீர்கள் என்றால் மாற்றுங்கள். முதல் தனிமொழியின் வேலை, 'இங்கே சிரிக்கலாம்' என்ற அனுமதியை ஒன்றரை நிமிடத்துக்குள் கொடுப்பது. போஸ்டர் பையன்தான் அதற்குத் தோதானவன். நேராகப் பேசுகிறான், 11 நிமிடம், ஏழு மணி நாடகத்துக்கு ஏழு பத்துக்கு வருகிறவர்களையும் தாங்குவான். பிறகு மருமகள், ஏஜெண்ட், ஃப்ரீஸர் அம்மா, கடைசியில் ஆசிரியர். இதில் நடிகைக்கு நடுவில் ஏஜெண்டின் 16 நிமிடம் கிடைக்கிறது. புடவை, தலை, குரல் மூன்றையும் மாற்றிவிடலாம்.

ஆசிரியரின் 19ஐ 15 ஆக்குங்கள். சாவைப் பற்றி ஒரு மணி நேரம் சிரித்து முடித்த ஜனங்களுக்கு அதற்கு மேல் மூச்சு இல்லை. வெட்டினால் மொத்தம் 69 நிமிடம், இடைமாற்றத்தோடு 71. மூன்றாம் மணி அவர்களின் இடைவேளைக் கட்சியில் நான் இல்லை. காபிக்கு வெளியே போனவர்கள் தங்கள் வீட்டுச் சாவுகளைப் பேசிவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டு உள்ளே வருவார்கள், ஏஜெண்டிடம் கற்ற சிரிப்பு வெளியிலேயே நின்றுவிடும்.

ஆசிரியர் பகுதியில் ஒரு எல்லை. கேலி இலக்கணப் பித்தின்மேல் இருக்கட்டும். எப்படிச் சாகப்போகிறார் என்பதற்கு மேடையில் ஒரு பொருளும் இருக்கக் கூடாது, வசனத்திலும் ஒரு சொல் கூடாது. பார்வையாளரில் அந்த இழப்பைச் சுமந்தவர் இருப்பார் என்றே வைத்துக்கொண்டு செய்யுங்கள். தற்கொலை பேசப்படுகிறது என்ற குறிப்பு டிக்கெட் பக்கத்திலும் வாசலிலும் இருக்கட்டும், கூடவே டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 எண்கள். விளக்கு அணையும் முன் மைக்கில் அறிவிக்காதீர்கள், முதல் சிரிப்பு அங்கேயே போய்விடும்.

அலுவல்: நாடகப் பிரதியைப் போலீசிடம் காட்டி அனுமதி வாங்கவைத்த 1954ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதாக்கிவிட்டது. ஆனாலும் அரங்க நிர்வாகம் பிரதியைக் கேட்கலாம், முன்பணம் கட்டும்முன் பேசிவிடுங்கள். டிக்கெட் தலைக்கு 500 ரூபாய்க்குள் என்றால் நாடக நுழைவுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு.

---

திரைக்குப்பின்:

வரிசையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். இடைவேளை இல்லை. மூன்றாம் மணி மன்னிக்க வேண்டும்.

இரண்டு கேள்வி. ஏஜெண்ட் பகுதி சரிவராவிட்டால் அதற்குப் பதிலாக ஒரு பழைய சிறுகதையைத் தனிமொழியாக்கலாமா? நிஜ ஃப்ரீஸர் பாக்ஸ் ஒன்றை மேடைக்கு வாடகைக்கு எடுக்கலாமா?

---

நாலாவது வரிசை:

எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 வருடம் ஆகியிருந்தால் கேட்காமல் எடுக்கலாம். புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தவர், அவர் எழுத்துகள் நாட்டுடைமையும் ஆகிவிட்டன, தாராளமாகச் செய்யலாம். செக்காவ் 1904இல் இறந்தார், மூலத்துக்குத் தடையில்லை, ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பு மொழிபெயர்த்தவருடையது. அவரிடம் எழுத்தில் வாங்குங்கள், அல்லது நீங்களே புதிதாக மொழிபெயருங்கள். உயிரோடு இருப்பவர் கதை என்றால் எத்தனை காட்சி, எந்த ஊர், எவ்வளவு தொகை என்று மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

---

ஒளித்தட்டு:

பாக்ஸ் வேண்டாம்ங்க. ஆள் நீளத்துக்கு மேல இருக்கும், பக்கத்திரைக்குள்ள ஒளிக்க இடமிருக்காது, மத்த நாலு பேரும் அதச் சுத்திக்கிட்டே நடிக்கணும். மேல இருக்கற கண்ணாடியில உங்க விளக்கு பட்டுத் திரும்பி முதல் வரிசை கண்ணுல அடிக்கும். முக்கியமா, அது மேடையில இருந்தா ஜனங்க அதத்தான் பார்ப்பாங்க, அம்மாவப் பார்க்க மாட்டாங்க.

சத்தம் போதும். ஃப்ரீஸர் கம்ப்ரஸர் ஓடற உறுமல நடிகை உள்ள வர்றதுக்கு முன்னாடியே, இடைமாற்றத்திலயே மெதுவா ஏத்திடுங்க. ஹால் ஏசின்னு நெனச்சுக்குவாங்க, ரெண்டு நிமிஷத்துல காது மறந்துடும். கடைசி வரிக்கு முன்னாடி வர்ற நிறுத்தத்துல பட்டுன்னு நிறுத்துங்க. ஸ்பீக்கர் மேடைக்குப் பின்னால தரையில, சுவரப் பார்த்து இருக்கட்டும். முன்னால ரெண்டு பக்கமும் தொங்கற ஸ்பீக்கர்ல விட்டா சினிமா மாதிரி ஆகிடும்.

பதியும்போது ஐந்து நிமிஷம் ஒரே வீச்சில் பதியுங்க. மூணு தடவை ஒட்டினா 14 நிமிஷத்துக்குப் போதும், ஒட்டுற இடத்துல நாலு நொடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும், இல்லன்னா 'டுக்'னு கேக்கும். இதுக்கு ஃப்ரீஸர் பாக்ஸே தேவையில்ல, டீக்கடை பழைய ஃப்ரிட்ஜ் இதைவிட நல்லா உறுமும். ராத்திரி கடை மூடினதுக்கு அப்புறம் போங்க.